மறுக்கப் போனவர்

ஆவுலிஸ் ஹியெத்தலா சோவியத்காரர்களோடு வியாபாரம் பேசவே பிறந்தவர் என்று ஹெல்சிங்கி அமைச்சகத்தில் சொல்வார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. பின்லாந்து யார் பக்கமும் சாயாத நாடு. கரடிக்குப் பக்கத்துக் குடிசையில் குடியிருப்பவன் உரக்கத் தும்முவதற்குக்கூட யோசிப்பான். அப்படித் தும்மாமலேயே இருபது வருஷத்துக்கு மேல் ரயிலில் மாஸ்கோ போய் வந்தவர் அவர். அங்கிருந்து எண்ணெய் வரும். இங்கிருந்து கப்பலும் காகிதமும் துணியும் பூட்ஸும் போகும். எதற்கு எது ஈடு என்று வருஷா வருஷம் இரண்டு நாட்டு அதிகாரிகளும் நீள மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

அந்தப் பேச்சில் பெண்களுக்கான பனிக்கால பூட்ஸைச் சேர்த்தவர் ஆவுலிஸ்தான். அவர் பிறந்த ஊரான ஹாபகோஸ்கியில் பூட்ஸ் தொழிற்சாலையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அப்பா அங்கே தோல் வெட்டினார். தம்பி ரெய்னோவும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அப்பாவின் மேஜைக்கே போய்ச் சேர்ந்தான். பிறகு தொழிற்சங்கப் பிரதிநிதி ஆனான். அண்ணன் மாஸ்கோவில் ஒரு கையெழுத்துப் போட்டால் ஊரில் ஒரு வருஷம் அடுப்பு எரியும் என்பது ஹாபகோஸ்கியில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஊருக்கு வந்தால் கடைக்காரர் காப்பிக்குக் காசு வாங்க மாட்டார்.

அவருக்கு ஒரு மனைவியும் இருந்தாள். "உன்னோட வாழறது எல்லைச் சாவடியில குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு. எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம், யோசிக்கலாம்'ங்கிற" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு துர்குவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் சொன்னதை ஆவுலிஸ் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தொண்ணூறாம் வருஷம் ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு நாள், எதிர்த்தரப்பு அதிகாரி வாதிம் பெத்ரோவிச், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்கலாம் என்று அவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். பனி உருகி வழியெல்லாம் சேறு. இருவரும் மேஜையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்தே நரைத்தவர்கள். ரஷ்ய வழக்கப்படி ஆவுலிஸை அப்பா பெயரும் சேர்த்தே அவர் கூப்பிடுவார்.

"ஆவுலிஸ் கார்லோவிச், எங்க வீட்டம்மா காலுல உங்க ஊரு பூட்ஸைத் தவிர வேற எதையும் நான் பாத்ததில்ல. போன வாரம் சொல்லிட்டேன், கடையில கெடைக்கிறப்பவே இன்னும் ரெண்டு ஜோடி வாங்கி வச்சுக்கோன்னு."

"ஏன், அவ்வளவு சீக்கிரம் பிஞ்சு போகுதா?"

"பிய்யறதுக்கு என்ன, அது எங்க கட்சியா?" என்று சிரித்தார் வாதிம் பெத்ரோவிச். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அடுத்த வருஷம் வராது. பண்டத்துக்குப் பண்டம்ங்கிறதே கிடையாதாம். எண்ணெய்க்கு இனி டாலர்தான் வேணும்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க. கையில டாலர் வந்தா கோதுமை வாங்குவாங்களா, பூட்ஸ் வாங்குவாங்களா, நீங்களே சொல்லுங்க."

ஆவுலிஸ் சேற்றில் வழுக்காமல் கால் பார்த்து நடந்தார்.

"நான் உங்ககிட்ட எதுவும் சொல்லல," என்றார் மற்றவர்.

"நானும் எதுவும் கேக்கல," என்றார் ஆவுலிஸ்.

ஊர் திரும்பியதும் துறைத் தலைவர் ஸ்டென்ரூஸிடம் விஷயத்தைச் சொன்னார். ஸ்டென்ரூஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது உங்களோடயும் என்னோடயும் நிக்கணும். மந்திரிகிட்ட நான் பேசிக்கறேன். மாஸ்கோ வாயால சொல்லாத வரைக்கும் அது நடக்கல. நாமளே வெளிய விட்டோம்னா, 'பாத்தீங்களா, நீங்களே நம்பல'ன்னு அதையே சாக்கா வச்சு இப்பவே முடிச்சிடுவாங்க. புரியுதா?"

புரிந்தது. புரிந்துகொள்வதுதானே அவர் வேலை.

ஜூன் மாதம் கோடைத் திருவிழாவுக்கு ஹாபகோஸ்கி போனார். ஏரிக்கரையில் அப்பா கட்டிய சவுனா, நீராவிக் குளியல் அறை, இருந்தது. ரெய்னோ காலையிலிருந்தே விறகு போட்டு அதைச் சூடாக்கி வைத்திருந்தான். அண்ணனைவிட அகலமான ஆள். பேசினால் ஏரியின் அக்கரைக்குக் கேட்கும்.

"வாங்க, வாங்க, மாஸ்கோ மகாராஜா! கோட்டு, டை எல்லாம் கழட்டிட்டு உள்ள வரலாம். இங்க எந்த நாட்டுக் கொடியும் கிடையாது."

இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்தார்கள். ரெய்னோ கல்லில் தண்ணீர் ஊற்ற, ஆவி புஸ்ஸென்று எழுந்து காதைச் சுட்டது. அந்தச் சூட்டிலும் அவன் வாய் ஓயவில்லை. தொழிற்சாலையில் புதுக் கொட்டகை போடுகிறார்கள். தையலுக்கு ஆள் போதவில்லை. பக்கத்து ஊர் மர அறுப்பு ஆலையிலிருந்து ஆட்களைக் கூட்டி வரும் பொறுப்பை முதலாளி இவனிடமே விட்டிருக்கிறார்.

"பதினேழு வருஷம் அறுப்பு ஆலையில இருந்தவன், என் பேச்சை நம்பி எழுதிக் குடுத்துட்டு வரான் அண்ணே. 'ரஷ்யாக்காரி கால் இருக்கற வரைக்கும் உனக்குச் சோறு இருக்குடா'ன்னு சொன்னேன். சரிதானே?"

ஆவுலிஸ், ஆவியில் உடம்பைத் தட்டிக்கொள்ளக் கையில் வைத்திருந்த பிர்ச் இலைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் சிந்தியதில்லை. இங்கே தம்பி சும்மா கேட்ட கேள்வி நெஞ்சுக்குள் முள்ளாக ஏறியது.

"ரெய்னோ, யாரையும் கூட்டிட்டு வராத."

"ஏன்?"

"அடுத்த வருஷம் ஆர்டர் இருக்காது. ஒரு ஜோடிகூட."

ரெய்னோ அகப்பையைக் கீழே வைத்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டேன்," என்றான். "யார்கிட்ட எல்லாம் சொல்லலாம்?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"பின்ன எதுக்கு எங்கிட்ட சொன்ன?"

ஆவுலிஸ் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இருவரும் போய் ஏரியில் விழுந்தார்கள். பிறகு ரெய்னோவின் மனைவி ஹெல்வி மேஜையில் வைத்திருந்த புது உருளைக்கிழங்கையும் மீனையும் சாப்பிட்டார்கள். ஹெல்வி கணவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க? உங்க அண்ணன் சவுனாவுல உன்னைத் தோக்கடிச்சிட்டாரா?" என்று கேலி செய்தாள். அவன் பொய்க்குக்கூடச் சிரிக்கவில்லை.

ரெய்னோ ஜூலை முழுக்க வாயைக் கட்டினான். ஆகஸ்டில் புதுக் கொட்டகைக்கு ஆள் எடுப்பதற்குச் சங்கத்தின் ஒப்புதல் கேட்டு முதலாளி ஆள் அனுப்பியபோது அவனால் முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "யாரும் இருக்கற வேலைய விட்டுட்டு இங்க வராதீங்க. அடுத்த வருஷம் ரஷ்யா வாங்காது. எனக்குத் தெரியும். எப்படின்னு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டான். அண்ணன் பெயரை எடுக்கவில்லை. ஊருக்கு அது தேவையாகவும் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டே நாளில் பேச்சு தாம்பெரே நகரத்துப் பத்திரிகைக்குப் போனது. தோல் விற்பவன் சரக்கு அனுப்பத் தயங்கினான். வங்கி, தொழிற்சாலைக்குத் தரவேண்டிய கடனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. சோவியத் தூதரகத்திலிருந்து ஒருவர் அமைச்சகத்துக்குத் தேன் ஒழுகும் குரலில் போன் செய்து, "உங்க மக்களுக்கு எங்க மேல நம்பிக்கை குறைஞ்சிடுச்சா?" என்று விசாரித்தார்.

ஸ்டென்ரூஸ் ஆவுலிஸைக் கூப்பிட்டார். யார் சொன்னது என்று கேட்கவே இல்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

"நீங்கதான் போகணும். வேற யார் போய் மறுத்தாலும் அந்த ஊரு நம்பாது."

"அது உண்மைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியும். இன்னொண்ணும் தெரியும். இலையுதிர்கால ஆர்டர் இன்னும் போகல. வங்கி கையை விரிச்சா தோல் வராது, தோல் வராட்டி பூட்ஸ் போகாது. அந்த ஜனங்க செப்டம்பர்லயே தெருவுக்கு வந்துடுவாங்க. நீங்க போய் நாலு வார்த்தை சொன்னா இந்தக் குளிர்காலம் வரைக்குமாவது சம்பளம் வரும். நீங்களே சொல்லுங்க, எது நல்லது?"

அந்தக் கணக்கில் ஆவுலிஸால் பிழை காண முடியவில்லை. கிளம்புவதற்கு முன் தம்பிக்குப் போன் போட்டார். ஹெல்விதான் எடுத்தாள், அவன் வலை எடுக்க ஏரிக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். "வந்து நேர்ல பேசிக்கறேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார். ரயில் தாமதமானதால் வீட்டுக்குப் போக முடியவில்லை. நேராகத் தொழிலாளர் மண்டபத்துக்கே போக வேண்டியதாயிற்று. முன்வரிசையில் ரெய்னோ ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் தனக்காகப் பேச வருகிறார் என்று நினைத்திருப்பான் போல.

ஆவுலிஸ் மேடையேறிப் பேசினார். நடப்பு ஒப்பந்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை. மாற்றம் வருவதாக அரசுக்கு அதிகாரபூர்வமான தகவல் எதுவும் வரவில்லை. இரண்டில் எதுவும் பொய் இல்லை. இருபது வருஷமாக அவர் இப்படித்தான் பேசி வந்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ராய்லி என்று பெயர். பூட்ஸின் மேல்தோல் தைப்பவள், புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள்.

"எனக்கு இந்த அதிகாரபூர்வம் எல்லாம் புரியாதுங்க. தேவாலயத்துக்குப் பின்னால ஒரு வீடு விலைக்கு வருது. வங்கிக்காரன் நாளைக்கு வரச் சொல்லியிருக்கான். வாங்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க போதும்."

மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். சொன்னால் அந்தச் சொல் அன்று மாலையே வங்கிக்குப் போய்விடும். மறுநாள் தோல் நின்றுவிடும்.

"உங்க வேலைக்கு ஆபத்து இருக்கறதா நான் நினைக்கல," என்றார் ஆவுலிஸ்.

கைத்தட்டல் கிளம்பியது. அது அடங்கும்வரை காத்திருந்து ரெய்னோ எழுந்தான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"வர்த்தக ஆலோசகர் அவர்களே, ஒரு சந்தேகம். அப்படீன்னா, ரஷ்யா வாங்காதுன்னு சொன்னவன் பொய் சொன்னான். அப்படித்தானே?"

ஆவுலிஸ் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது ஆதாரம் இல்லாத பேச்சு."

ரெய்னோ உட்காராமல் அவரையே பார்த்தான். "இவர்தான் சொன்னார், எங்க சவுனாவுல, என் பக்கத்துல உக்காந்து சொன்னார்" என்று ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றோடு ஆவுலிஸின் உத்தியோகம் முடிந்திருக்கும். சொல்வான் என்றுதான் அவர் காத்திருந்தார். ஒரு நொடி, சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட நினைத்தார். ரெய்னோ, "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அன்று ஆவுலிஸ் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டென்ரூஸ் அனுப்பிய காரில் ஏறி ஹெல்சிங்கி திரும்பினார்.

தோல் வந்தது, பூட்ஸ் போனது. ஹாபகோஸ்கி ஜனங்கள் அந்த இலையுதிர்காலம் முழுக்கச் சம்பளம் வாங்கினார்கள். ரெய்னோவைப் பிரதிநிதிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சாப்பாட்டு அறையில் அவன் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. "எப்படின்னு கேக்காதீங்க" என்று அவன் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பது இளவட்டங்களுக்கு வாடிக்கையானது. ஹெல்வி தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ராய்லி வீட்டை வாங்கிவிட்டாள். பக்கத்து ஊர் ஆட்களும் அறுப்பு ஆலை வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

டிசம்பரில் மாஸ்கோ வாய் திறந்து சொன்னது. இனிப் பண்டமாற்று இல்லை. வானொலியில் அந்தச் செய்தியை வாசித்தபோது தையல் கொட்டகையில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் காதில் விழவில்லை என்று பிறகு சொன்னார்கள். பிப்ரவரியில் தொழிற்சாலையை மூடினார்கள்.

ஆவுலிஸ் அந்த மாதமே ஊருக்குப் போனார். ஹெல்வி வாசலில் நின்றபடியே பேசினாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அவரு ஐஸ் மேல இருக்காரு. போய்ப் பாருங்க. ஆனா எதையும் விளக்கிச் சொல்லாதீங்க. விளக்கம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

உறைந்த ஏரியின் நடுவில் ரெய்னோ மரப்பெட்டி மேல் உட்கார்ந்து துளைக்குள் தூண்டில் விட்டிருந்தான். பக்கத்தில் இரண்டு மூன்று மீன்கள் விறைத்துக் கிடந்தன. ஆவுலிஸ் நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்திருப்பான். தலை நிமிரவில்லை.

"கடிக்குதா?" என்று கேட்டார் ஆவுலிஸ்.

"சின்னது கடிக்குது."

குளிர் காது மடலைப் பிய்த்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றவர், பல மாதங்களாகத் தன்னை அரித்துக்கொண்டிருந்ததையே கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா உன் வேலை போயிருக்கும். எங்களுது எப்படியும் போகத்தான் போகுது. அப்பா பெத்த ரெண்டுல ஒண்ணாவது சம்பளம் வாங்கட்டுமேன்னு விட்டுட்டேன்." தூண்டிலை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விட்டான். "நீ வந்து மறுத்ததுகூட எனக்குப் பெருசா இல்ல. உங்க பொழப்பு அது. குளிர்காலத்துக்கு அஞ்சாறு மாசம் சோறு கெடைச்சுது, அதையும் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் எந்திரிச்சு நின்னப்போ நீ என் முகத்தைப் பாத்திருக்கலாம். ஒரு தடவை. பாத்திருந்தா, சரி, அண்ணன் வேற வழி இல்லாம பண்றான்னு நானே புரிஞ்சிட்டிருப்பேன். நீ தண்ணிக் கோப்பையைப் பாத்த."

"ரெய்னோ…"

"மீன் ஓடிடும். நீ போ, ஆவுலிஸ். இனிமே இந்த ஊருக்கு வராத."

அந்த வசந்தத்தில் ரெய்னோவும் ஹெல்வியும் ஸ்வீடனுக்குப் போய்விட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில், மொழி தெரியாத ஊரில், ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. ஆவுலிஸ் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார், பதில் வரவில்லை. ஓய்வு பெறும்போது அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். கடினமான காலத்தில் நிதானம் காத்தவர் என்று ஸ்டென்ரூஸ் பேசினார். பதக்கத்தைக் குத்திக்கொண்டு காட்ட அவருக்கு ஆள் இல்லை. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமலே பழகிய மனுஷனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு யாரிடம் திறப்பது என்று தெரியவில்லை. காலையில் எழுந்து சந்தைப் பக்கம் நடப்பார், ஒரு காப்பி குடிப்பார், திரும்புவார்.

தம்பி ஸ்வீடன் போய் ஐந்து வருஷம் கழித்து ஓர் அக்டோபரில் ஹெல்வியிடமிருந்து போன் வந்தது. ரெய்னோ கிடங்கிலேயே மாரடைத்து விழுந்துவிட்டான். உடலை ஹாபகோஸ்கிக்குக் கொண்டு வருகிறார்கள்.

"வரலாமா?" என்று கேட்டார் ஆவுலிஸ்.

"வாங்க. பூ வைங்க. கார்டுல எழுதினதைப் படிக்க வேணாம். உங்க பேச்சு அவருக்குக் கேக்க வேணாம்."

தேவாலயத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. ஒவ்வொருவராகப் போய்ச் சவப்பெட்டி மேல் பூ வைத்து, அட்டையில் எழுதியதை உரக்கப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். ஆவுலிஸின் முறை வந்தது. வெள்ளைப் பூக்களை வைத்தார். ஹெல்வி சொன்னபடி அட்டையைப் படிக்கவில்லை. திரும்பிவிட வேண்டியதுதான். கால் நகரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இந்த முறை ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

"என் தம்பி பொய் சொல்லல. அவனுக்குச் சொன்னது நான். மண்டபத்துல பொய் சொன்னவனும் நான்தான்."

ஒருவர் இருமினார். பாதிரியார் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஹெல்வி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள்.

பிறகு பக்கத்துக் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். ஆவுலிஸின் மேஜையில் நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. சற்று நேரத்தில் ராய்லி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முடி நரைத்திருந்தது. சுகாதார நிலையத்தில் தரை துடைக்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னது இங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும்," என்றாள். "அந்த டிசம்பர்லயே தெரிஞ்சு போச்சு. அண்ணன்காரன் சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ ஏன் யாரும்…"

"வெக்கம். ஒரு மனுஷனை ஆறு மாசம் தனியா உக்கார வச்சுச் சோறு தின்ன வச்சோம். எந்த மூஞ்சியோட போய்ப் பேசறது?" அவள் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. "வங்கிக்காரன் என் வீட்டை எடுத்துக்கிட்டப்போ சாமான் ஏத்த ரெய்னோதான் வந்தாரு, கூப்பிடாமலே. ஆத்திரத்துல, 'உங்க அண்ணன் பேச்சைக் கேட்டுத்தானே தெருவுக்கு வந்தேன்'னு அவர்கிட்டயே கத்திட்டேன். அலமாரியைத் தூக்கிட்டுப் போய் வண்டியில வச்சாரு. அடுத்த வாரம் ஸ்வீடன் போயிட்டாங்க. என்னைக்காவது வருவாரு, மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன்."

"ரெண்டு பேருமே சோம்பேறிங்க," என்றாள் ராய்லி. அவள் கண் நிறைந்துவிட்டது.

ஹெல்வி காப்பிக் கூஜாவோடு மேஜை மேஜையாக வந்துகொண்டிருந்தாள். ராய்லியின் கோப்பையில் ஊற்றினாள். ஆவுலிஸின் கோப்பை மேல் கூஜா ஒரு கணம் நின்றது. பிறகு மற்றவர்களுக்கு ஊற்றிய அளவே அவருக்கும் ஊற்றிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.